"ஏன் கத்தவில்லை?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

கார்முகில்:

வணக்கம். பல மாதமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

என் தோழி ஒருத்தியின் வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. அவள்தான் முதல் சாட்சி. எந்த நாடு, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது. செய்தவர் அந்நியர் இல்லை. அவள் குடும்பத்தில் எல்லாரும் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற ஆள். நடந்தபோது இவள் கத்தவில்லை. தொடக்கத்தில் கையைத் தள்ளியிருக்கிறாள், அப்புறம் உடம்பு மரத்துப்போய்விட்டது என்கிறாள். கீறல், காயம் எதுவும் கிடையாது. பதினோரு நாள் கழித்துத்தான் என்னிடமே சொன்னாள். போலீசுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் ஆனது.

இப்போது ராத்திரி ஒரு மணிக்கு, இரண்டு மணிக்குக் கூப்பிடுகிறாள். ஒரே கேள்விதான்: "நான் கத்தவே இல்லையேடி. அப்போ நான் சம்மதிச்ச மாதிரி ஆயிடுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எதிர்த்துப் போராடியிருந்தால்தான் குற்றம் என்று சட்டம் சொல்கிறதா? வெவ்வேறு நாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? அவளுடைய பழைய காதலைப் பற்றியெல்லாம் நீதிமன்றத்தில் கேட்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்கு அந்த ஊர் மொழி சரளமாக வராது, தமிழில்தான் சாட்சி சொல்லப் போகிறாள்.


வேலன்77:

சகோதரி, படிக்கவே மனசு வலிக்கிறது. இந்தச் சட்டம், பிரிவு, விவாதம் எல்லாம் எதற்கு? இப்படிச் செய்கிறவனைத் தூக்கில் போட வேண்டும். நாலு பேரைப் போட்டால் ஐந்தாவது ஆள் பயப்படுவான். தண்டனை பத்தாததுதான் பிரச்சினை.


இருமொழியாள்:

கார்முகில், முதலில் உங்கள் தோழியின் கேள்விக்கு நேரான பதில்: ஆகாது. கத்தாமல் இருந்தது சம்மதம் ஆகாது. இன்று பல நாட்டுச் சட்டங்களில் இது எழுத்திலேயே இருக்கிறது. எழுத்தில் இருப்பது விசாரணைக் கூடத்துக்குள் எவ்வளவு தூரம் வந்து சேர்கிறது என்பது வேறு கதை. அதையும் சொல்கிறேன்.

நான் பத்தொன்பது வருடமாக நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வதை நீதிமன்ற மொழியில் சொல்வேன், அங்கே கேட்பதைத் தமிழில் திருப்பிக் கேட்பேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சாட்சி "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று தள்ளி நின்று பேசக் கூடாது. அதனால் எத்தனையோ பெண்களுக்கு நடந்ததை என் வாயால் "எனக்கு நடந்தது" என்று சொல்லியிருக்கிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பதையும் அப்படியே கேட்டாக வேண்டும். "ஏன் கத்தவில்லை?" என்று நானே அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். அந்த மொழியில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு கிடையாது. எது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருநாளும் "நீ" என்று கேட்டதில்லை.

என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் தோழிக்கு இது உதவும். வழக்கு விவரம் எதுவும் சொல்ல மாட்டேன், உறுதிமொழி எடுத்தவள்.

சேர்ந்து இரண்டாவது வருடம். சாட்சி சொன்னாள்: "கொஞ்ச நேரம் கையத் தள்ளிப் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்." நான் அதை "பிறகு அனுமதித்தேன்" என்று பொருள்படும்படி மொழிபெயர்த்துவிட்டேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். "அப்படியென்றால் அனுமதித்தீர்கள், சரிதானே?" அந்தக் கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுவர வாயைத் திறந்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அவள் "அனுமதி" என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. நான் போட்ட வார்த்தைக்கு அவள் பதில் சொல்லப்போகிறாள். கையை உயர்த்தி நீதிபதியிடம் சொன்னேன்: மொழிபெயர்ப்பாளரின் திருத்தம். இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, இடம் கொடுத்தேன் என்றும் வரும், முயற்சியைக் கைவிட்டேன் என்றும் வரும், சாட்சியிடமே கேட்க வேண்டும். நீதிபதி கேட்டார். அவள் சொன்னாள்: "சக்தி இல்ல. கை தானா விழுந்துடுச்சு."

பதிவேட்டில் திருத்தினார்கள். அந்த அரை நிமிடத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். விட்டுட்டேன், பேசாம இருந்தேன், சும்மா இருந்தேன், ஒத்துக்கிட்டேன், தப்பா நடந்துகிட்டார், கெடுத்துட்டார் என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பக்கம்.

கைவிடுவதற்கும் சம்மதிப்பதற்கும் நடுவே இருக்கிற இந்த இடைவெளியில்தான் உலகம் முழுக்கச் சட்டம் ஐம்பது வருடமாகப் போராடிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் மதுரா வழக்கு. 1972-இல் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்குக் காவலர்கள் செய்த கொடுமை. உடம்பில் காயமில்லை, கூச்சல் போடவில்லை, ஆகவே இது எதிர்ப்பில்லாத உடன்பாடு என்று உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1979-இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் அந்த நீதிமன்றத்துக்கே திறந்த கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல, சட்டப்படியும் இல்லை, சாதாரண அறிவுப்படியும் இல்லை என்பதுதான் கடிதத்தின் சாரம். அதைப் பிடித்துக்கொண்டு பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் இருக்கும் பெண் "நான் சம்மதிக்கவில்லை" என்றால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். 2013 திருத்தம் இன்னும் தெளிவு. சம்மதம் என்றால் ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக விரும்பி, சொல்லாலோ சைகையாலோ தெரிவித்த உடன்பாடு. உடம்பால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அது சம்மதம் ஆகிவிடாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இதே வாசகம் இருக்கிறது. இலங்கையிலும் 1995 திருத்தத்தின்படி, சம்மதமில்லை என்று காட்ட உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் கட்டாயமில்லை.

ஐரோப்பாவில் பெரிய திருப்பம் ஒரு பல்கேரியச் சிறுமியின் வழக்கு. பதினான்கு வயது. எதிர்த்ததற்கு ஆதாரமில்லை என்று அந்நாட்டு அரசுத் தரப்பு வழக்கை மூடிவிட்டது. அவள் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாள். 2003 டிசம்பரில் தீர்ப்பு: சம்மதமில்லாத எந்தப் பாலியல் செயலையும், பாதிக்கப்பட்டவர் உடம்பால் எதிர்த்திருக்காவிட்டாலும், விசாரித்துத் தண்டிக்க வேண்டியது அரசின் கடமை. அதன்பின் ஒவ்வொரு நாடாக மாறியது. ஜெர்மனி 2016-இல் "வேண்டாம் என்றால் வேண்டாம்தான்" என்று எழுதியது. சுவீடன் 2018-இல் ஒரு படி மேலே போனது: தானாக விரும்பி ஈடுபடாதவரிடம் பாலுறவு கொண்டால் குற்றம், மிரட்டலோ அடியோ இருந்திருக்கத் தேவையில்லை. எதிராளிக்கு விருப்பமா என்று கவலையே படாமல் நடந்துகொண்டவருக்கு, கவனமின்மையால் செய்த வன்புணர்வு என்று தனிக் குற்றமே வைத்தார்கள். ஜப்பானில் 1907-இல் இருந்து இருந்த சட்டத்தை 2023-இல் மாற்றிக் குற்றத்தின் பெயரையே "சம்மதமில்லாத பாலுறவு" என்று ஆக்கினார்கள். திகைத்து உறைந்துபோவது, வேண்டாம் என்று சொல்ல நேரமே கிடைக்காதது, எதிராளியின் பதவிக்கு அஞ்சுவது என்று எட்டுச் சூழ்நிலைகளையும் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து 2024 ஜூலை முதல் உறைந்துபோன நிலையைச் சட்டத்தில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

உங்கள் தோழி சொல்லும் "மரத்துப்போச்சு" என்பதை மருத்துவம் எப்போதோ கண்டறிந்துவிட்டது. ஸ்டாக்ஹோமில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. பத்தில் ஏழு பேர், நடந்தபோது உடம்பு உறைந்துபோனது என்றார்கள். ஆபத்தில் கத்துவதும் ஓடுவதும் எப்படி இயல்போ, அப்படியே உறைவதும் உடம்பின் இயல்பு. அவளிடம் இதைச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கானாலும் சொல்லுங்கள்.

பழைய காதலைப் பற்றிக் கேட்பார்களா என்றால், பல நாடுகளில் அதற்குத் தடை உண்டு. 1970-களின் நடுவில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கி, பாதிக்கப்பட்டவரின் பழைய பாலியல் வாழ்க்கையைச் சாட்சியமாக்கக் கூடாது என்ற சட்டங்கள் பரவின. இங்கிலாந்தில் 1999 சட்டத்தின்படி, நீதிபதியின் தனி அனுமதி இல்லாமல் அந்தக் கேள்வியை எழுப்பவே முடியாது. இந்தியச் சாட்சியச் சட்டத்தில் "ஒழுக்கக்கேடானவள்" என்று காட்டிச் சாட்சியை மறுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 2003-இல் அதை நீக்கினார்கள். ஆனால் ஒன்று, இந்தத் தடைகளில் எல்லாம் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். வழக்கறிஞர்கள் அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைவார்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்: "அந்த அனுமதியைக் கேட்டு எதிர்த்தரப்பு மனு போட்டிருக்கிறதா?"

கேட்பது வழக்கறிஞராக மட்டும் இருப்பதில்லை. கனடாவில் 2014-இல் ராபின் கேம்ப் என்ற நீதிபதி, பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து, முழங்காலை ஏன் சேர்த்து வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டார். அந்த விடுதலைத் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தானது. மறுவிசாரணையிலும் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் 2017-இல் அந்த நீதிபதி பதவியை விட்டு விலக நேர்ந்தது. இதை ஒட்டி எழுந்த விவாதத்தில், நீதிபதிகளுக்கு இது பற்றிப் பயிற்சி வேண்டும் என்று 2021-இல் அங்கே சட்டமே வந்தது.

வேலன் தம்பி, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 2012 டெல்லி கொடுமைக்குப் பிறகு சட்டத்தைத் திருத்த அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு, 2013-இல் எல்லா தரப்பையும் கேட்டுவிட்டு மரண தண்டனை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. செய்கிறவர் பெரும்பாலும் தெரிந்தவர், உறவினர். தூக்கு என்றால் வீட்டில் இருப்பவர்களே அந்தப் பெண்ணின் வாயை அடைப்பார்கள். சாட்சி உயிரோடு இருந்தால் தன் உயிர் போகும் என்று நினைப்பவன் அவளை விட்டுவைப்பானா? நான் உட்கார்ந்த கூடங்களில் வழக்கு தோற்றது தண்டனை குறைவு என்பதால் இல்லை. அங்கே வந்து சேர்வதற்குள் சாட்சி களைத்துப்போனதால்.


இரவுப்பணி:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் செவிலி. இப்படி வருகிறவர்களைப் பரிசோதிக்கும் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன்.

காயம் இல்லை என்பது மிகச் சாதாரணம். பரிசோதனை அறிக்கையில் "காயம் இல்லை" என்று எழுதினால் "நடக்கவில்லை" என்று பொருள் இல்லை. மருத்துவர் சாட்சி சொல்லும்போது இதை நீதிமன்றத்தில் விளக்குவார், விளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பதினோரு நாள் கழித்துச் சொன்னதற்காக அவள் தன்னையே நொந்துகொள்ள வேண்டாம். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன்: சீக்கிரம் வந்தால் செய்ய முடிவது அதிகம். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள், அவசரக் கருத்தடை மாத்திரை ஐந்து நாளுக்குள். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யாவிட்டாலும் சிகிச்சைக்கு வரலாம். தென்னாப்பிரிக்காவில் "துதுசேலா" என்ற பெயரில் மையங்கள் வைத்திருக்கிறார்கள். ஆறுதல் கொடு என்று பொருளாம். மருத்துவர், ஆலோசகர், போலீஸ், வழக்கறிஞர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ். பாதிக்கப்பட்டவர் நாலு இடத்துக்கு அலைந்து நாலு முறை சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு விரல் பரிசோதனை (பெண் பாலுறவுக்குப் பழகியவளா என்று விரலை விட்டுப் பார்ப்பது) என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை. வங்கதேச உயர் நீதிமன்றம் 2018-இலும், பாகிஸ்தானின் லாகூர் உயர் நீதிமன்றம் 2021-இலும் அதைத் தடை செய்தன. அதைச் செய்கிற மருத்துவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி ஆவார் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது.

எடுத்த மாதிரிகள் ஆய்வுக்குப் போனதா என்றும் கேளுங்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2009-இல் ஒரு போலீஸ் கிடங்கில் 11,000-க்கும் மேற்பட்ட பரிசோதனைப் பெட்டிகள் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அத்தனை பேரும் வலியைப் பொறுத்துக்கொண்டு கொடுத்தவை. எனக்கு அந்தச் செய்தியைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.


கார்முகில்:

இருமொழியாள் அக்கா, இரவுப்பணி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த 298 பேர் விஷயத்தை நேற்று அவளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "எழுபது பேராடி?" என்று கேட்டாள். நூற்றுக்கு எழுபது என்றேன். அழுதாள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அவளுடைய பெரியப்பா வந்து, "நடந்தது நடந்துபோச்சு, அந்த ஆளையே கட்டிக்கிட்டா எல்லாம் சரியாயிடும், மானம் மிஞ்சும், வழக்கையும் வாபஸ் வாங்கிடலாம்" என்கிறார். அவளுடைய அம்மாவும் கொஞ்சம் அசைகிற மாதிரி இருக்கிறது. கட்டிக்கொண்டால் வழக்கு போய்விடுமா?

அவள் அந்த ஆளைப் பற்றிப் பேசும்போது இன்னும் "அவர்" என்றுதான் சொல்கிறாள். அதுவும் அவளுக்கு எதிராகப் போகுமா?


இருமொழியாள்:

அந்த "அவர்" பற்றி முதலில். என் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் உண்டு. "அவர் வந்தார், கதவைச் சாத்தினார், கையைப் பிடிச்சார்" என்று அந்தப் பெண்கள் சொல்வார்கள். நீதிமன்ற மொழியில் அது வெறும் ஆண்பால் சுட்டாக மாறிப்போகும். கேட்கிறவர்களுக்கு அந்த "ஆர்" விகுதிக்குள் இருக்கிற பயம் போய்ச் சேராது. சிறுவயதில் இருந்து யார் முன்னால் எழுந்து நிற்கப் பழக்கினார்களோ அந்த ஆள் முன்னால் எப்படிக் கத்துவது? எதிராகப் போகாது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அவளிடம் நேராகவே கேட்கட்டும்: "அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள், ஏன்?" அப்போது அது சாட்சியமாகவே பதிவாகும். ஜப்பான் சட்டத்தில் உள்ள அந்த எட்டில் ஒன்று இதுதான், மேல்நிலையில் இருப்பவரை மறுத்தால் என்ன ஆகுமோ என்ற அச்சம்.

இப்போது பெரியப்பா. அவர் சொல்வது அவர் கண்டுபிடித்தது இல்லை, பல நாடுகளில் அது சட்டமாகவே இருந்தது. இத்தாலியில் ஒருவன் பெண்ணைக் கடத்திக் கெடுத்துவிட்டு அவளையே மணந்தால் குற்றம் அழிந்துபோகும் என்று இருந்தது. 1965 டிசம்பரில் சிசிலித் தீவில் பிராங்கா வயோலா என்ற பதினேழு வயதுப் பெண்ணைக் கடத்தினார்கள். ஊரே கட்டிக்கொள் என்றது. அவள் மாட்டேன் என்றாள். அப்பா அவள் பக்கம் நின்றார். கடத்தியவனுக்கு 1966-இல் சிறை கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டப் பிரிவு ஒழிய 1981 ஆனது. மொரோக்கோவில், அப்படிக் கட்டிவைக்கப்பட்ட பதினாறு வயதுப் பெண் 2012-இல் தற்கொலை செய்துகொண்ட பிறகு, 2014-இல் நீக்கினார்கள். துனிசியா, ஜோர்டான், லெபனான் மூன்றும் 2017-இல் நீக்கின. லெபனான் பெண்கள் பெய்ரூட் கடற்கரையில் மணப்பெண் உடைகளைத் தூக்குக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். பெரியப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டலாம்.

கட்டிக்கொண்டால் வழக்கு தானாகப் போய்விடுமா என்பது அந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. பெரும்பாலான இடங்களில் வழக்கை நடத்துவது அரசு, குடும்பம் நினைத்தால் வாபஸ் வாங்க முடியாது. ஆனால் சாட்சி வராவிட்டால் வழக்கு சாய்ந்துவிடும், பெரியப்பாவின் கணக்கும் அதுதான். அதைவிட முக்கியமாக அவளுடைய அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். கணவன் ஆகிவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது எதையும் குற்றம் என்றே சொல்லாத சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. மனைவி ஒருமுறை தன்னைக் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது என்று பதினேழாம் நூற்றாண்டில் மேத்யூ ஹேல் என்ற ஆங்கிலேய நீதிபதி எழுதிவைத்ததை 1991 வரை இங்கிலாந்து சுமந்தது. அந்த ஆண்டு, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவைதான் அதைத் தூக்கி எறிந்தது. நேபாளத்தில் 2002-இல் உச்ச நீதிமன்றம் கணவன் செய்தாலும் குற்றம் என்றது. சிங்கப்பூரில் அந்த விலக்கு 2020 தொடக்கத்தில்தான் போனது. இந்தியாவில் மனைவிக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தால் இன்றும் விலக்கு நிற்கிறது. இலங்கையில் நீதிமன்றம் பிரித்துவைத்த தம்பதியாக இருந்தால்தான் குற்றம். கட்டிவைப்பது என்றால் அவளைப் பாதுகாப்பு இல்லாத இடத்துக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவது.

"மானம்" என்றாரே, அந்த வார்த்தையும் என் வேலையில் அடிக்கடி வரும். நம் பத்திரிகைகள் வெகுகாலம் எழுதிய சொல் கற்பழிப்பு. செய்தவன் பெயரே இல்லாத சொல். அவளிடம் இருந்த ஏதோ ஒன்று அழிந்துபோனது என்று மட்டும் சொல்லும். இத்தாலியச் சட்டமும் 1996 வரை இதைப் பொது ஒழுக்கத்துக்கு எதிரான குற்றம் என்ற தலைப்பில்தான் வைத்திருந்தது. அந்த ஆண்டுதான் மனிதருக்கு எதிரான குற்றம் என்ற பகுதிக்கு மாற்றினார்கள். நான் கூடத்தில் வன்கொடுமை என்றே சொல்வேன். சாட்சியே "என் கற்பு போச்சு" என்று சொன்னால் அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை, அப்படியே சொல்லிவிட்டு, இது தமிழில் வழங்கும் சொல் என்று குறிப்புச் சேர்ப்பேன்.

இதில் எனக்கு மிக நெருக்கமான தீர்ப்பு, 1994 இனப்படுகொலையை விசாரித்த ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் 1998 செப்டம்பர் 2 அன்று வந்தது. தாபா என்ற பகுதியின் தலைவராக இருந்த அகயேசு மீதான வழக்கு. தொடக்கத்தில் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை என்று ஒரு வரிகூட இல்லை. கொலைகளைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், பேச்சுவாக்கில், தன் ஆறு வயது மகளுக்கு மூன்று ஆட்கள் செய்ததைச் சொன்னாள். நீதிபதிகள் அதைக் கடந்து போகவில்லை, மேலும் கேட்டார்கள். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண். அடுத்து இன்னொரு பெண் தனக்கு நடந்ததைச் சொன்னாள். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. கடைசியில், வன்புணர்வும் இனப்படுகொலையின் ஒரு செயலாக இருக்க முடியும் என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முறையாகத் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பில் என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதினது போல ஒரு பகுதி இருக்கிறது. சாட்சிகள் கின்யருவாண்டா மொழியில் நான்கு வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்தினார்கள். ஒன்றுக்கு "கூடப் படுப்பது" என்று பொருள், இன்னொன்றுக்கு "பலவந்தமாக எடுப்பது". படுக்கையைப் பகிர்ந்தோம் என்று ஒருத்தி சொன்னால் அது விருப்பத்தோடா, பலவந்தமாகவா? நீதிபதிகள் உட்கார்ந்து சொல் சொல்லாக எடுத்து, எந்த இடத்தில் எந்தப் பொருளில் சொன்னாள் என்று எழுதிவைத்தார்கள். நான் அதைப் படித்தபோது என் "விட்டுட்டேன்" பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் படித்தேன். இப்போது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் விதிகளில் மௌனத்தையோ எதிர்க்காததையோ வைத்துச் சம்மதம் என்று முடிவு கட்டக் கூடாது என்று எழுதியே இருக்கிறது.

குவாத்தமாலாவில் செபூர் சார்கோ என்ற இடத்துப் பழங்குடிப் பெண்கள் முப்பது வருடத்துக்கும் மேல் காத்திருந்து, உள்நாட்டுப் போரின்போது தங்களை வதைத்த இரண்டு பேருக்கு 2016-இல் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள், ஒருவருக்கு 120 வருடம், இன்னொருவருக்கு 240. முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகத்தான் பேசினார்கள். பிரான்சில், கணவனே மயக்க மருந்து கொடுத்து வேறு ஆண்களிடம் விட்ட ஜிசேல் பெலிகோ 2024-இல் முகத்தை மூட மறுத்தார், கதவைத் திறந்துவைத்து விசாரியுங்கள் என்றார். 51 ஆண்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இரண்டு விதமும் சரிதான். உங்கள் தோழி எதை விரும்புகிறாளோ அது.

நடைமுறைக்கு. திரை போட்டுச் சாட்சி சொல்ல, காணொளி வழியாகச் சொல்ல, பக்கத்தில் ஒரு துணையை வைத்துக்கொள்ள வசதி உண்டா என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். அன்று காலையில் கேட்டால் கிடைக்காது. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அவர் அவளுடைய வட்டாரப் பேச்சு தெரிந்தவராக இருக்க வேண்டும், அவளுடைய உறவு வட்டத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. மொழிபெயர்ப்பு தப்பாகப் போகிறது என்று தோன்றினால் உடனே கையை உயர்த்தி நீதிபதியிடம் சொல்லலாம். அவளுக்கு அந்த மொழி கொஞ்சம் புரியும் என்றால் ரொம்ப நல்லது. கேள்வி புரியாவிட்டால் "புரியவில்லை" என்பது முழுப் பதில். நினைவில்லை என்றால் "நினைவில்லை". நீளமாக விளக்க வேண்டாம். தண்ணீர் கேட்கலாம், இடைவேளை கேட்கலாம்.


வேலன்77:

அக்கா, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். வீட்டிலேயே வாயை அடைப்பார்கள் என்றீர்களே, எங்கள் உறவிலும் அப்படி ஒன்று நடந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அன்று நானும் பேசாமல்தான் இருந்தேன்.


கார்முகில்:

எல்லாருக்கும் நன்றி. பெண் மொழிபெயர்ப்பாளர் கேட்டும், திரை கேட்டும் இன்று மனு கொடுத்துவிட்டோம். இரண்டையும் வழக்கறிஞர் சேர்த்தே எழுதினார். பழைய காதலைப் பற்றிக் கேட்க எதிர்த்தரப்பு இதுவரை அனுமதி கேட்கவில்லையாம். பெரியப்பா இரண்டு நாளாக வரவில்லை. அம்மா அந்தப் பெய்ரூட் படத்தைப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விசாரணை அன்று தானும் வருவதாக இன்று காலை சொல்லியிருக்கிறார்.

அவளும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள் அக்கா. முதல் பக்கத்தில் "மரத்துப்போச்சு" என்று எழுதி, அதற்குக் கீழே தன் வார்த்தையில் அர்த்தம் எழுதிக்கொண்டிருக்கிறாள்: கை என்னுடையதுதான், ஆனால் நான் சொன்னதைக் கேட்கவில்லை. இதை உங்களைப் போன்ற ஒருவர் அங்கே எப்படிச் சொல்வார் என்று கேட்கச் சொன்னாள்.


இருமொழியாள்:

அப்படியே சொல்வார். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை.